நோவில்லாத நாளில் எடுக்க வேண்டிய முடிவுகள்

கேள்வி: விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்.

"என் மகனுக்கு 19 வயது, 48 கிலோ. சிக்கிள் பீட்டா தலசீமியா என்று இரண்டு வருடத்துக்கு முன் இரத்தம் சோதித்துச் சொன்னார்கள். சும்மா இருக்கிற நாளில் ஈமோகுளோபின் 8.2 நிற்கும். போன வருடம் ஐந்து தரம் வோட்டில் படுத்தான். கால் எலும்பும் முதுகும் உளைந்து விடிய விடியக் கத்துவான். வீட்டில் டைக்குளோபெனக் கொடுப்போம், கேட்காவிட்டால் மோட்டார் சைக்கிளில் கொண்டு ஓடுவோம். 'ஊசிக்குப் பழகிவிட்டான், நடிக்கிறான்' என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் திரும்பவும் நோவு வந்தது, சிறுநீர் கறுத்தத் தேத்தண்ணி மாதிரிப் போனது. இப்போது கிளினிக்கில் ஹைட்ரொக்சியூரியா தொடங்கச் சொல்கிறார்கள். அது புற்றுநோய் மருந்தாமே? தலசீமியாப் பிள்ளைகளுக்குப் போல மாதாமாதம் இரத்தம் ஏற்றச் சொல்லிக் கேள் என்கிறார் சித்தப்பா. லண்டன் மாமா மரபணுச் சிகிச்சை என்று வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். மூத்தவளுக்குக் கலியாணமும் பேசுகிறோம். எதைச் செய்வது? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகவேண்டும் என்று வேறு இவன் ஒற்றைக்காலில் நிற்கிறான்."

பதில்:

அம்மா, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. இரத்தம் ஏற்றி ஒன்பதாம் நாள் நோவு, கறுத்தத் தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர். அதை நீங்கள் இன்னொரு நோவு என்று எடுத்துவிட்டீர்கள். வோட்டிலும் அப்படித்தான் எடுத்திருக்கக்கூடும். ஆனால் இரத்தம் ஏற்றி மூன்றாம் நாளுக்குப் பிறகு 21 நாளுக்குள் புது நோவு, காய்ச்சல், கறுத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள் கூடுதல், ஈமோகுளோபின் விழுதல் என்று எது வந்தாலும், ஏற்றிய இரத்தத்தை உடம்பு அந்நியமாகக் கண்டு உடைக்கிறதோ என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். கடிதத்தை மட்டும் வைத்து அதுதான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். இல்லை என்று ஒதுக்கவும் மாட்டேன். முன்பு, சின்ன வயதில்கூட, மகனுக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

இது ஏன் வருகிறது? இரத்த வகை என்றால் நாங்கள் ஓ பொசிற்றிவ், பி பொசிற்றிவ் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். சிவப்பணுவின் மேல் அதற்கு அப்பாலும் அடையாளங்கள் உண்டு. ஆர்எச் குடும்பத்தில் சி, ஈ என்றும், கெல் என்று இன்னொன்றும் முக்கியமானவை. தனக்கில்லாத அடையாளம் உள்ளே வந்தால் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளும். தொல்லை என்னவென்றால், சில மாதத்தில் அந்த எதிர்ப்பொருள் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அடுத்த தரம் வேறொரு ஆஸ்பத்திரியில் பொருத்தம் பார்க்கும்போது எல்லாம் சரி என்றே வரும். ஏற்றுவார்கள். ஒன்றிரண்டு கிழமைக்குள் பழைய பகை விழித்துக்கொள்ளும். ஈமோகுளோபின் விழுந்துவிட்டதே என்று இன்னொரு பை தொங்கவிட்டால், சில நேரம் அதையும் சேர்த்து உடைத்து, ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே கொண்டுபோய்விடும்.

ஆகவே அடுத்த கிளினிக்குக்கு ஐப்பசியில் தந்த டயக்னோசிஸ் காட் இரண்டையும், அதாவது இரத்தம் ஏற்றியபோது தந்ததையும் அதற்குப் பிறகு தந்ததையும், கொண்டு போங்கள். இரண்டு விஷயம் கேளுங்கள்: இரத்த வங்கியில் எதிர்ப்பொருள் சோதனை செய்யலாமா? இனி ஏற்ற நேர்ந்தால் சி, ஈ, கெல் பொருத்தமும் பார்த்த இரத்தம் எடுக்கலாமா? வரும் முடிவை, எதுவும் இல்லை என்று வந்தாலும், திகதியோடு கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள். அந்தப் பக்கம் உங்கள் மகனுக்கு அடையாள அட்டை மாதிரி.

இதிலேயே சித்தப்பாவுக்கும் பாதிப் பதில் வந்துவிட்டது. தலசீமியா மேஜர் பிள்ளைகளுக்கு உடம்பு போதிய இரத்தம் செய்யாது, அதனால் மாதாமாதம் ஏற்றுகிறார்கள். உங்கள் மகனின் உடம்பு இரத்தம் செய்கிறது. செய்த பிறகுதான் சிக்கல். சிவப்பணுவுக்குள் உள்ள ஈமோகுளோபின் எஸ், ஒட்சிசனை இறக்கிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாகிவிடும். பந்து மாதிரி வளைந்து நெளிய வேண்டிய அணு அரிவாள் மாதிரி விறைத்து, நுண்ணிய குழாய்களில் அடைபட்டு நிற்கும். அடைபட்ட இடத்துக்கு அப்பால் எலும்பு ஒட்சிசனுக்குத் தவிக்கும். அதுதான் நோவு. எஸ் நிறைந்த இரத்தத்தோடு மேலும் இரத்தத்தைச் சேர்த்து ஈமோகுளோபினை 10க்கு மேலே கொண்டுபோனால் இரத்தம் தடித்து ஓட்டம் இன்னும் மந்தமாகும். 8.2 என்பது உங்கள் மகனுக்குப் பழகிய அளவு. அதை 12 ஆக்கிக் காட்டவேண்டும் என்று யாரும் ஆசைப்படக்கூடாது.

நோவுக்கு மட்டும் என்று இரத்தம் ஏற்றுவதில்லை. நெஞ்சில் (நுரையீரலில்) சிக்கல், பக்கவாதம், மண்ணீரல் திடீரென வீங்கி ஈமோகுளோபின் விழுதல், ஒரு வைரஸ் காய்ச்சலோடு உடம்பு இரத்தம் செய்வதையே சில நாள் நிறுத்திவிடுதல், பெரிய ஒப்பரேசனுக்கு முன் ஆயத்தம், இவைதான் முக்கியமான காரணங்கள். இப்படி ஒன்று வந்தால் மறுக்காதீர்கள், அங்கே இரத்தம் உயிர் காக்கும். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியே தள்ள உடம்பில் வழியில்லை. ஈரலிலும் இதயத்திலும் அது படியும். இதோடு சேர்த்து ஒன்று: "இரத்தம் குறைவு" என்று யாராவது இரும்புக் குளிசையோ பாணியோ எழுதினால், பெரிற்றின் (உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் சோதனை) பார்க்காமல் கொடுக்காதீர்கள். போலிக் அமிலம் வேறு, அது தொடரலாம்.

இனி நோவு. "நடிக்கிறான்" என்ற சொல்லை முதலில் தள்ளிவைப்போம். சிக்கிள் நோவு வந்திருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடப்பவனுக்கு நோவு பத்துக்கு எட்டாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்து நோவோடு வளர்ந்தவர்கள் மனதை வேறெங்காவது மாட்டிவைக்கப் பழகியிருப்பார்கள். ஊசி போட்டதும் நித்திரையானால் நோவு போய்விட்டது என்பதும் இல்லை, மருந்து மயக்கத்திலும் உளைவு ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் வயது வந்த சிக்கிள் நோயாளர் 232 பேரை நாட்குறிப்பு எழுதவைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், எழுதிய நாட்களில் பாதிக்கு மேல், 54.5 வீதம், நோவு இருந்தது. ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குப் போனது 3.5 வீத நாட்களில்தான். போன வருடம் ஐந்து தரம் போனான் என்றால், போகாமல் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த நாட்கள் எத்தனை என்று மகனிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

நோவு தொடங்கும்போதே மறியுங்கள். உளைவு வரப்போகிறது என்று அநேகமானோருக்கு முதல்நாளே தெரியும்: ஒரு அலுப்பு, கண் மஞ்சள், காலில் ஒரு இழுவை. அந்த நேரம் வேலையை நிறுத்திப் போர்த்துக்கொண்டு படுக்கட்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு கிளாஸ், 200 மில்லிலீற்றர் அளவில், இளஞ்சூடான தண்ணியோ கஞ்சியோ குடிக்கட்டும். வயிற்றோட்டம் அல்லது வாந்தி இருந்தால் ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்). உளைகிற இடத்துக்குச் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி வையுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது. சுளுக்குக்கு ஐஸ் வைக்கிற பழக்கத்தில் இங்கேயும் ஐஸ் வைத்தால் இரத்தக் குழாய் சுருங்கி அடைப்புக் கூடும்.

பனடோல்: 500 மில்லிகிராம் குளிசையில் மகனுக்கு ஒன்றரை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். இரண்டிரண்டாகக் கொடுக்கிற வழக்கம் 50 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கானது. நேரம் பார்த்துக் கொடுங்கள். "நோ வந்தால் போடுவம்" என்று விட்டால் ஒவ்வொரு தடவையும் நோவு முந்திவிடும்.

டைக்குளோபெனக்கைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்லவேண்டியிருக்கிறது. அதுவும் இபுபுரோபனும் எலும்பு நோவுக்கு நன்றாகக் கேட்கும், மறுப்பில்லை. ஆனால் சிக்கிள் நோயே சிறுநீரகத்தை மெல்ல மெல்லத் தின்னும், இந்தக் குளிசைகளும் அதே இடத்தில்தான் அடிக்கும். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து வைத்தியர் சரி என்றால், சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாளைக்கு மட்டும், இரண்டில் ஒன்றைப் பாவிக்கலாம். குளிசையும் போட்டு அதையே மலவாசல் வழியாகவும் வைத்தால் அது இரட்டை அளவு. வாந்தி வயிற்றோட்டத்தோடு உடம்பு வற்றிக் கிடக்கும்போது வேண்டவே வேண்டாம்.

காய்ச்சலோடு நோவு வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்குளோபெனக், இபுபுரோபன் இரண்டையும் தொடக்கூடாது. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு இங்கே இது பெரிய விஷயம். காய்ச்சல் என்றால் பனடோலைப் போட்டுவிட்டு "மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்பம்" என்று இருப்பது ஊர் வழக்கம். உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. சிக்கிளால் மண்ணீரல் சரியாக வேலை செய்யாதவருக்கு நுமோகொக்கஸ் போன்ற கிருமிகள் ஒரு பகலிலேயே இரத்தம் முழுக்கப் பரவிவிடும். 101 பரனைட்டுக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே டெங்கு என்று படுக்கவைத்தால் ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வழமையான பிசிவி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம், எவ்வளவு என்று. டெங்கில் பிசிவி ஏறுகிறதா என்று பார்த்துத்தான் குழாயிலிருந்து நீர் கசிவதை மட்டுக்கட்டுவார்கள். சாதாரண இளைஞனுக்கு 40 இருக்கிற இடத்தில் மகனுக்கு 25தான் இருக்கும். அவனுக்கு 34 வந்தால் பார்ப்பவருக்கு அது குறைந்த இலக்கமாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. இந்த இலக்கம் கொப்பியில் இல்லாததால் வரும் ஆபத்து சின்னது அல்ல.

எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சூடும் தொடுகையும் நோவைத் தணிக்கும். ஆனால் பரியாரியிடம் கொண்டுபோய் முறுக்கி இழுப்பது, இறுக்கிக் கட்டுவது, செந்தூரம் பற்பம் என்று உள்ளுக்குக் கொடுப்பது வேண்டாம். ஒரே இடம் வீங்கிச் சிவந்து ஒரு கிழமையாகியும் இறங்காவிட்டால் அது எலும்பில் கிருமி பிடித்ததாக இருக்கலாம், சால்மொனெல்லா இதில் அடிக்கடி மாட்டும். வேறு நோவெல்லாம் இல்லாத நாளிலும் கவட்டுப் பக்கம் நொந்து நொண்டினால் இடுப்புப் பந்து எலும்பு இரத்தமில்லாமல் கெடுகிறதோ என்று பார்க்கவேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும்.

எப்போது கிளம்புவது? குளிசை இரண்டு தடவை நேரத்துக்குப் போட்டும் நோவு ஏறிக்கொண்டே போனால். மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இருமல் வந்தால், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே. முகம் கோணினால், கை கால் சோர்ந்தால், பேச்சுக் குழறினால், இதுவரை இல்லாத தலையிடி வந்தால் உடனே. இடது விலாவுக்குக் கீழே வயிறு பொம்மி, ஆள் வெளிறித் தலை சுற்றினால் உடனே. ஆணுறுப்பு விறைத்து நொந்து இரண்டு மணித்தியாலமாகியும் இறங்காவிட்டால் உடனே. கடைசியாகச் சொன்னதை 19 வயதுப் பெடியன் தாயிடம் சொல்லக் கூச்சப்பட்டு மூடிமறைப்பான். நாலு மணித்தியாலம் கடந்தால் நிரந்தரச் சேதம் வரலாம். தகப்பனோ மாமனோ, இதை முன்கூட்டியே அவனிடம் கதைத்து வைக்கட்டும்.

மாரி இரவில் மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் வைத்துக் கொண்டு ஓடாதீர்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அந்த ஈரக்காற்றே போதும், பாதி நோவு முழு நோவாகிவிடும். 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், காசில்லை. முதல் நோவு ஊசி பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதா என்பதை அதற்குப் பிறகு அவர்கள் முடிவெடுக்கட்டும். நோவோடு தூரம் ஓடி அங்கே முதல் மருந்துக்குக் காத்திருப்பது வீண் சித்திரவதை.

அங்கே என்ன நடக்கவேண்டும்? அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டல், வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் நோவு மருந்து, பிறகு 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து நோவு அடங்கும்வரை கூட்டிக் கொடுத்தல் என்கிறது. நரம்பில் மோர்பின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது வழமையான தொடக்கம், மகனுக்கு அது 5 மில்லிகிராமுக்குக் கிட்ட வரும். பெத்திடீன் ஊசி நல்ல தெரிவு அல்ல. அது சீக்கிரம் விட்டுவிடும், ஆனால் அது உடைந்து வரும் பொருள் உடம்பில் நெடுநேரம் தங்கித் திரண்டு வலிப்பை உண்டாக்கக்கூடும், சிறுநீரகம் பழுதாயிருந்தால் இன்னும் மோசம். ஒட்சிசன் 95க்குக் கீழே போனால்தான் முகமூடி தேவை. சேலைன் வற்றியதை நிரப்பும் அளவுக்கு மட்டும். நோவு தீரட்டும் என்று போத்தல் போத்தலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோர்க்கும்.

நெஞ்சுச் சிக்கல் பல நேரம் வீட்டிலிருந்து வருவதில்லை. நோவுக்குப் படுத்த இரண்டாம் மூன்றாம் நாளில், வோட்டில்தான் தொடங்கும். விலாவும் முதுகும் நோகிறது என்று மேலோட்டமாக மூச்சு விட்டுக் கிடப்பதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருண்டுவிடும். பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான்: விழித்திருக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிமிர்த்தி இருத்தி, ஆழமாகப் பத்து மூச்சு எடுக்கவையுங்கள். நோவு ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் செய்தால் இலகுவாக இருக்கும்.

மோர்பினுக்கு அடிமையாகிவிடுவானோ என்ற பயம் உங்களுக்கும் உண்டு, ஊசி போடுபவருக்கும் உண்டு. அடிக்கடி எடுத்தவருக்கு அளவு கூடத் தேவைப்படும். சடுதியாக நிறுத்தினால் வியர்த்து நடுங்கும். இரண்டும் உடம்பின் பழக்கம். அடிமைத்தனம் என்பது நோவு இல்லாதபோதும் மருந்தைத் தேடித் திரிவது, கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல் இருப்பது. சொன்ன அளவில் கேட்காததால் "மிஸ், இன்னும் நோகுது" என்று திரும்பத் திரும்பக் கேட்பது அதில் சேராது. அதே நேரம், நோவு வராத நாட்களுக்கும் ட்ரமடோல் போன்றவற்றைக் கையில் வைத்துப் போடவும் விடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டால் நோவு உணர்வையே கூர்மையாக்கிவிடும்.

இந்த வாக்குவாதமெல்லாம் நடுச்சாமத்தில், கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, முதன்முறை பார்க்கும் வைத்தியரோடு நடத்த ஏலாது. நோவில்லாத ஒரு கிளினிக் நாளில், உங்களை வடிவாகத் தெரிந்த வைத்தியரிடம் ஒரு பக்கம் எழுதி, கையொப்பமும் சீலும் வைத்து வாங்குங்கள். அதில் இருக்கவேண்டியது:

"சிக்கிள் பீட்டா தலசீமியா. 48 கிலோ. வழமையான ஈமோகுளோபின் 8.2, பிசிவி இவ்வளவு, ஒட்சிசன் இவ்வளவு, கிரியற்றினின் இவ்வளவு. இரத்தம் ஏற்றிய திகதி. ஒன்பதாம் நாள் கறுத்த சிறுநீர். எதிர்ப்பொருள் சோதனை முடிவு. நோவுக்கு முதலில் இந்த மருந்து, இந்த அளவு, இத்தனை நிமிடத்தில் திரும்பப் பார்க்கவும். பெத்திடீன் தவிர்க்கவும். நோவுக்கு மட்டும் இரத்தம் ஏற்ற வேண்டாம். ஏற்றுமுன் இந்தக் கிளினிக்கோடு கதைக்கவும்."

சோதனைகள் எடுத்ததும் இலக்கங்களை நிரப்புங்கள். அதைப் போனில் படம் பிடித்து மகனின் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். கொப்பி மழையில் நனையும்.

இனி ஹைட்ரொக்சியூரியா. ஆம், சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். சிக்கிளுக்கு வேறு காரணத்துக்காகக் கொடுக்கிறார்கள்: தாயின் வயிற்றில் இருந்தபோது இருந்த ஈமோகுளோபின் எஃப்பை அது திரும்பக் கூட்டும். எஃப் உள்ள அணுவில் எஸ் இலகுவில் கம்பியாகாது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயது வந்த 299 நோயாளரில் மருந்து எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு நடுத்தரமாக 2.5 நோவும், எடுக்காதவர்களுக்கு 4.5உம் வந்தன. நெஞ்சுச் சிக்கலும் இரத்தம் ஏற்றும் தேவையும் குறைந்தன. அவர்களையே 9 வருடம் தொடர்ந்து பார்த்தபோது மருந்து எடுத்தவர்களில் இறப்புக் குறைவாக இருந்தது. வருடத்துக்கு மூன்று நோவோ அதற்கு மேலோ என்றால் தொடங்கலாம் என்பதே வழிகாட்டல். உங்கள் மகனுக்கு ஐந்து. என்னிடம் கேட்டால், தொடங்குங்கள் என்பேன்.

கணக்கு இப்படி: தொடக்கம் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 48 கிலோவுக்கு 720. கப்சூல் 500 மில்லிகிராம். அதனால் ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள், சராசரி 750 வரும். கலண்டரில் ஒற்றைத் திகதிக்கு ஒன்று, இரட்டைத் திகதிக்கு இரண்டு என்று வைத்தால் குழப்பமில்லை. 31இலிருந்து 1ஆம் திகதிக்குப் போகும்போது இரண்டு நாள் அடுத்தடுத்து ஒன்று வரும், அது பரவாயில்லை. அளவு கூட்டும் காலத்தில் 4 கிழமைக்கு ஒருமுறை முழு இரத்தப் பரிசோதனை. நியூட்ரோபில் 2,000க்கு மேலும் பிளேற்லற் 80,000க்கு மேலும் நின்றால் 8 கிழமைக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 மில்லிகிராம் கூட்டலாம், மகனுக்கு அடுத்த படி தினம் இரண்டு கப்சூல். கிலோவுக்கு 35 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. அணுக்கள் இறங்கினால் சில நாள் நிறுத்தி, ஏறியதும் ஒரு படி குறைத்துத் தொடங்குவார்கள். சிறுநீரகம் பழுதென்றால் தொடக்கமே பாதி.

பெரும்பாலும் எங்கே பிழை நடக்கிறது தெரியுமா? மூன்று மாதம் போட்டுப் பார்த்து, "நோவு வந்துதானே" என்று நிறுத்துவதில். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் செல்லும். இது நோவுக்குப் போடும் குளிசை அல்ல, நோவு வராமல் இருக்கப் போடுவது. நோவு வந்த நாளிலும் நிறுத்தக்கூடாது. ஒருநாள் தவறினால் மறுநாள் அதையும் சேர்த்துப் போடக்கூடாது. கிளினிக் பாமசியில் இல்லை என்றால் வெளியே வாங்கத் துண்டு எழுதித்தரச் சொல்லி அரச மருந்தகமான ஒசுசலவில் கேளுங்கள், முடிந்தால் இரண்டு கிழமைக்குரியதை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். நகம் கறுக்கலாம், அது கெடுதல் இல்லை. கப்சூலை உடைக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவேண்டாம். விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். மருந்து போடும் காலத்தில் பிள்ளை உருவாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், கலியாணம் முடித்துப் பிள்ளைக்கு எண்ணும்போது பல மாதம் முன்கூட்டியே கிளினிக்கில் கதைக்கவேண்டும். இதைக் கிளினிக்கில் மகனிடம் நேரே சொல்லட்டும். அவன் உடம்பு, முடிவிலும் அவன் இருக்கவேண்டும்.

லண்டன் மாமா அனுப்புவது பொய்யில்லை. மரபணுச் சிகிச்சைக்கு 2023 கார்த்திகையில் பிரித்தானியாவும் மார்கழியில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலராக இருந்தது. அதற்கு முன் கடும் மருந்தால் எலும்பு மச்சையைத் துடைக்கவேண்டும், பிள்ளைப்பேறு இல்லாமற் போகலாம். புது மருந்து என்று பேசப்பட்ட வொக்செலொற்றரை 2024இல் அதன் கம்பனியே உலகம் முழுக்கத் திரும்ப எடுத்துக்கொண்டது. மாமா உதவ விரும்பினால் நல்ல வெப்பமானியும், விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியும் வாங்கி அனுப்பட்டும். எலும்பு மச்சை மாற்றுவது வேறு கதை. கூடப்பிறந்தவர் ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, சிறு வயதில் செய்தால் பலன் கூட.

மூத்த மகளுக்கும் சோதியுங்கள், கலியாணம் பேசுமுன். உங்கள் இருவரில் ஒருவர் சிக்கிள் மரபணுவையும் மற்றவர் பீட்டா தலசீமியா மரபணுவையும் சுமக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் மகனுக்கு வந்த நோய். உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய், இரண்டு பங்கு ஏதாவது ஒன்றைச் சுமத்தல், ஒரு பங்கு ஒன்றுமில்லை. சுமப்பவருக்கு வருத்தம் இல்லை, கலியாணத்துக்கும் தடையில்லை. ஆனால் மச்சான் முறையில் பேசுகிறீர்கள் என்றால் மாப்பிள்ளையும் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி சோதனை செய்யவேண்டும். ஒரே குடும்பத்தில் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு அதிகம்.

"எங்கட ஆக்களுக்கு இந்த வருத்தம் எங்கால வந்தது" என்று கேட்பவர்களுக்கு: நீலகிரி மலைவாழ் மக்களிடம் சிக்கிள் இருப்பது 1952லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

கடைசியாக வற்றாப்பளை. போகலாம். வைகாசி வெயிலில் நடப்பதென்றால் விடியப் புறப்பட்டு, வெயில் ஏற நிழலில் தங்கி, இறங்கிய பிறகு நடக்கட்டும். ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைத் தாகம் வருமுன் இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கவேண்டும், அன்றைக்கு மொத்தம் 4 லீற்றர் அளவில். அவனுடைய சிறுநீரகம் நீரைத் தேக்கத் தெரியாதது, உடம்பு வற்றினாலும் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் "நல்லாப் போகுதுதானே" என்று நம்பக்கூடாது. தண்ணி குடிக்காத விரதம் வேண்டாம். பொங்கல் இரவு முழுக்க விழித்திருக்காமல் நாலைந்து மணித்தியாலமாவது படுக்கட்டும். வேர்த்த உடம்போடு நந்திக்கடலிலோ கிணற்றடியிலோ இறங்கிக் குளிக்கவேண்டாம், ஆறவிட்டுக் குளிக்கட்டும். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியக் குளிப்பதென்றாலும் இதே கதைதான், சுடுதண்ணி கலந்து வார்க்கட்டும். கிளினிக் கொப்பி, பனடோல், அன்றைய கப்சூல், ஒரு தடித்த போர்வை, கூட வர ஒரு ஆள். காலில் அந்த இழுவை தொடங்கினால் அங்கிருந்து பஸ்ஸில் ஏறவேண்டும், மீதித் தூரத்தை அடுத்த வருடம் நடக்கலாம்.